கிரிப்டோகிராஃபியும் நெட்வொர்க் பாதுகாப்பும்: ராமநாதபுரம் கரையோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம், தொண்டி பக்கம் கணினி படிக்கும் பிள்ளைகளும், லாட்ஜ், கடை, படகு வைத்திருப்பவர்களும் இந்தப் பாடத்தில் எழுப்பும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறோம். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் சொன்னது வேண்டியிருக்கும்.

1. கிரிப்டோன்னா பிட்காயின் தானே சார்?

இல்லை. செய்தியை மறைப்பது, வழியில் யாரும் திருத்தவில்லை என்று உறுதி செய்வது, அனுப்பியவர் இன்னார்தான் என்று நிரூபிப்பது ஆகியவைதான் கிரிப்டோகிராஃபியின் வேலை. பிட்காயின் இதில் ஹாஷையும் (4-ஆம் பதிலில் வரும்) டிஜிட்டல் கையொப்பத்தையும் மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதன் கணக்கேடு மறைக்கப்பட்டதே இல்லை, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

2. எனக்குக் கணக்கு அவ்வளவா வராது. இதப் படிக்க முடியுமா?

முடியும். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் 10-ஆம் வகுப்புக் கணக்கில் வரும் யூக்ளிட் வகுத்தலும் மட்டு எண்கணிதமும்தான் இதன் அடித்தளம். பரீட்சைக்குப் படித்து மறந்திருப்பீர்கள், அந்தப் பாடத்தை மட்டும் மறுபடி எடுத்துப் போட்டுப் பாருங்கள். அதோடு பகா எண், இரும எண், எக்ஸார் (இரண்டு பிட் வேறுபட்டால் 1, ஒத்தால் 0) நான்கு வரி அட்டவணை இவை தெரிந்தால் தொடங்கிவிடலாம்.

பெரிய எண்களைப் பைத்தான் பார்த்துக்கொள்ளும். அதில் பவ் என்ற ஃபங்ஷனுக்கு அடி, அடுக்கு, வகுக்கும் எண் என்று மூன்றையும் கொடுத்தால் மீதியை நேரே தரும். அடுக்கைத் தனியாகக் கணக்கிட்டுவிட்டு அப்புறம் வகுக்கப் போகாதீர்கள். எண்கள் பெரிதானதும் கணினி அப்படியே நின்றுவிடும்.

3. பழைய லேப்டாப் தான் இருக்கு. காளி லினக்ஸ் போட்டாத்தான் கத்துக்க முடியுமா?

4 ஜி.பி. ரேம் போதும். காளி என்பது கருவிகளை மொத்தமாகக் கட்டிக்கொடுக்கும் தொகுப்பு, அது இல்லாமல் படிப்பு நிற்காது. லுபுண்டு மாதிரி இலேசான லினக்ஸ் ஒன்றைப் போட்டு, ஓபன் எஸ்.எஸ்.எல் (சாவி, ஹாஷ் வேலைகளுக்கு), பைத்தான், வயர்ஷார்க் (நெட்வொர்க்கில் போவதைப் படிக்க), என்மேப் (திறந்த போர்ட்டுகளைத் தேட) நான்கையும் நிறுவுங்கள். ஆரம்பப் பாடம் முழுவதற்கும் இவை தாங்கும்.

தாக்கிப் பழக ஓர் இலக்கு வேண்டுமென்றால், வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்யப்பட்ட மெட்டாஸ்பிளாய்டபிள் 2 என்ற மெய்நிகர் கணினியை வர்ச்சுவல்பாக்ஸில் ஏற்றலாம். அதற்கு 512 எம்.பி. ரேமே போதும். பலர் தவறுவது நெட்வொர்க் அமைப்பில்தான். அதை 'ஹோஸ்ட் ஒன்லி' என்று வையுங்கள். 'பிரிட்ஜ்டு' என்று வைத்தால், அந்த ஓட்டைக் கணினி உங்கள் ஹாஸ்டல் வைஃபையில் இருக்கும் எல்லோருக்கும் திறந்து கிடக்கும்.

4. என்கோடிங், என்கிரிப்ஷன், ஹாஷ்... மூணும் ஒண்ணு மாதிரியே தெரியுதே?

என்கோடிங்கில் ரகசியமே இல்லை. பேஸ்64-இல் மாற்றிய எழுத்தை யாரும் திருப்பிவிடலாம், சாவி தேவையில்லை. என்கிரிப்ஷனைத் திருப்பச் சாவி வேண்டும். ஹாஷைத் திருப்பவே முடியாது. ஷா-256 என்ற ஹாஷ் முறை எவ்வளவு பெரிய கோப்பைக் கொடுத்தாலும் 256 பிட்டில், அதாவது 64 பதினாறடிமான எழுத்தில், ஒரு விடை தரும். உள்ளே ஒரு பிட் மாறினாலும் விடை முழுக்க மாறிப்போகும்.

'ரெண்டு பேருக்கும் ஒரே சொல்லுக்கு ஹாஷ் வேற வேற வருது' என்று வருபவர்களுக்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, லினக்ஸில் எக்கோ கட்டளை கடைசியில் ஒரு புதுவரிக் குறியைச் சேர்த்து அனுப்பும். அதையும் சேர்த்துத்தான் ஹாஷ் போடப்படும். அதைத் தடுக்கக் கட்டளைக்குப் பின் ஒரு சிறுகோடும் ஆங்கிலச் சிற்றெழுத்து என்-னும் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று தமிழுக்கே உரியது. 'தொண்டி' என்று தட்டும்போது, ஒகரக் குறி சில விசைப்பலகைகளில் ஒரே குறியெண்ணாகவும், சிலவற்றில் ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியெண்ணாகவும் பதிவாகும். திரையில் வித்தியாசமே தெரியாது. முதலாவது யுடிஎஃப்-8-இல் 18 பைட், இரண்டாவது 21 பைட். தமிழில் பாஸ்வேர்டு ஏற்கும் செயலி எழுதுபவர்கள், ஹாஷ் போடுவதற்கு முன் எல்லா உள்ளீட்டையும் என்.எஃப்.சி. (ஒரே எழுத்து எப்போதும் ஒரே குறியெண்ணாக வரும் யூனிகோடு) வடிவத்துக்கு மாற்றியே தீர வேண்டும். இல்லாவிட்டால் சரியான பாஸ்வேர்டைத் தட்டியும் உள்ளே நுழைய முடியாது.

5. தமிழ் எழுத்த மூணு எழுத்துத் தள்ளித் தள்ளி எழுதினா யாராலயும் கண்டுபிடிக்க முடியாதுல்ல?

இது சீசர் முறை. முதலில் ஒரு நடைமுறைச் சிக்கல்: யூனிகோடில் க-வுக்கும் ங-வுக்கும் நடுவே மூன்று இடம் காலி. குறியெண்ணை மூன்று தள்ளினால் 'க' இருந்த இடத்தில் வெறும் கட்டம்தான் வரும். அதனால் மெய் பதினெட்டையும் ஒரு பட்டியலில் போட்டு, அதற்குள் சுற்ற வேண்டும்.

அப்படிச் சுற்றினாலும் இருப்பது 17 தள்ளல்தான். காகிதத்திலேயே பதினேழையும் முயன்று பார்த்துவிடலாம். தள்ளாமல் எழுத்துகளைத் தாறுமாறாக மாற்றி வைத்தாலும் தப்பாது, ஏனென்றால் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்ற கணக்கு மாறாது. தமிழ் உரையில் புள்ளி மிக அடிக்கடி வரும். சொல்லின் தொடக்கத்தில் வராத எழுத்துகள் எவை என்பதும் தெரிந்ததே. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு ஒரு பக்க உரையைத் திறந்துவிடலாம். இதைப் பாடமாகச் செய்து பாருங்கள், ரகசியத்துக்குப் பயன்படுத்தாதீர்கள்.

6. நானே ஒரு புது முறை எழுதியிருக்கேன். அது எப்படி வேலை செய்யுதுன்னு யாருக்கும் தெரியாது. அதுவே பாதுகாப்புதானே?

1883-இலேயே கெர்க்காஃப்ஸ் என்ற கிரிப்டோகிராஃபி அறிஞர் இதற்குப் பதில் சொல்லிவிட்டார்: முறை எதிரியின் கைக்குப் போனாலும், சாவி போகாதவரை செய்தி பத்திரமாக இருக்க வேண்டும். முறையையே மறைத்தால், செயலியைப் பிரித்துப் படிக்கத் தெரிந்த ஒருவர் வந்த அன்றே எல்லாம் முடிந்துவிடும். சாவி போனால் புதுச் சாவி போடலாம், முறை போனால் செயலியையே மாற்ற வேண்டும்.

இன்று செய்தியை மூடப் பரவலாகப் பயன்படும் ஏ.இ.எஸ். முறை, உலகம் முழுதும் திறந்த போட்டி வைத்து, மற்றவர்கள் உடைக்க முயன்று தோற்றபின் 2001-இல் தரமாக வந்தது. செய்தவர்கள் பெல்ஜியத்தின் டேமனும் ரைமனும். அதற்கு முந்தைய தரமான டி.இ.எஸ்.-இன் சாவி 56 பிட். 1998-இல் இ.எஃப்.எஃப். என்ற அமெரிக்க அமைப்பு அதற்கென்றே ஒரு கணினி கட்டி 56 மணி நேரத்தில் சாவியைக் கண்டுபிடித்தது. பழக்கத்துக்காகச் சொந்த முறை எழுதுங்கள், நல்லதுதான். பிறருடைய தகவலை அதை நம்பி வைக்காதீர்கள்.

7. பொதுச் சாவி ஊருக்கே தெரியும்ன்னா அப்புறம் என்ன ரகசியம் இருக்கு?

கோயில் உண்டியலில் யாரும் காசு போடலாம், திறக்கச் சாவி வைத்திருப்பவரால்தான் முடியும். பொதுச் சாவி போடும் வாய், தனிச் சாவி திறக்கும் சாவி.

ஆர்.எஸ்.ஏ. என்ற பொதுச் சாவி முறையை எண்ணில் போட்டுப் பார்த்தால்தான் மனசில் நிற்கும். பகா எண்கள் 3, 11. பெருக்கினால் 33. ஒவ்வொன்றிலும் ஒன்று குறைத்து 2-ஐயும் 10-ஐயும் பெருக்கினால் 20. பொது அடுக்கு 3 என்று வைப்போம். 3-ஓடு எதைப் பெருக்கி 20-ஆல் வகுத்தால் மீதி 1 வரும்? 7. அதுதான் தனி அடுக்கு. செய்தி 4 என்றால், 4-இன் மூன்றாம் அடுக்கு 64, அதை 33-ஆல் வகுத்தால் மீதி 31. அனுப்புவது 31. பெறுபவர் 31-இன் ஏழாம் அடுக்கை 33-ஆல் வகுத்தால் மீதி 4 திரும்பி வரும்.

33-ஐப் பார்த்தவுடனே 3, 11 என்று பிரித்துவிடலாம். நிஜ ஆர்.எஸ்.ஏ.-இல் அந்த எண் 2048 பிட், அதாவது 617 இலக்கம். அதைப் பிரிக்க இன்றைய கணினிகளால் முடியவில்லை என்பதில்தான் முழுப் பாதுகாப்பும் நிற்கிறது.

8. ஆர்.எஸ்.ஏ. இருக்கும்போது ஏ.இ.எஸ். எதுக்கு?

ஆர்.எஸ்.ஏ. மெதுவானது, கொள்ளளவும் குறைவு. 2048 பிட் சாவியில், ஷா-256 கொண்ட ஓ.ஏ.இ.பி. நிரப்பல் (செய்தியோடு தற்செயல் பைட் சேர்க்கும் முறை) போட்டால் ஒரு தடவைக்கு 190 பைட்டுக்கு மேல் போகாது. தமிழில் ஒரு குறியெண்ணுக்கு 3 பைட் என்பதால் அது 63 குறியெண், இரண்டு வரிகூடத் தேறாது. 'டேட்டா டூ லார்ஜ்' என்ற பிழை வருவது இதனால்தான். ஆகவே செய்தியை ஏ.இ.எஸ்.-ஆல் மூடி, அந்த ஏ.இ.எஸ். சாவியை மட்டும் பொதுச் சாவி முறையால் கொண்டுசேர்ப்பார்கள்.

9. பாம்பன்ல ஒருத்தர், தொண்டில ஒருத்தர். நேர்ல பார்க்காம எப்படி ஒரே சாவிய வச்சிக்கிறது? நடுவுல ஒட்டுக்கேட்டா?

1976-இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்ட வழி இது. இருவரும் 17, 3 என்ற எண்களை வெளிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். பாம்பன்காரர் ரகசியமாக 6-ஐ எடுத்து, 3-இன் ஆறாம் அடுக்கை 17-ஆல் வகுத்து மீதி 15-ஐ அனுப்புகிறார். தொண்டிக்காரர் 7-ஐ எடுத்து 11-ஐ அனுப்புகிறார். பாம்பன்காரர் 11-இன் ஆறாம் அடுக்கைப் போட்டால் மீதி 8. தொண்டிக்காரர் 15-இன் ஏழாம் அடுக்கைப் போட்டாலும் 8. வழியில் போனவை 15, 11 மட்டும், 8 போகவே இல்லை.

நிஜத்தில் போடும் மிகப் பெரிய எண்களில் ஒட்டுக்கேட்பவரால் ஒன்றும் ஆகாது. நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் ஆள்மாறாட்டம் செய்பவரால் ஆகும். அவர் பாம்பனோடு ஒரு சாவியும் தொண்டியோடு இன்னொரு சாவியும் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் படித்துவிட்டு அனுப்புவார். கணக்கில் பிழை எதுவும் இல்லை, எதிரே இருப்பவர் யார் என்று யாரும் சரிபார்க்கவில்லை, அவ்வளவுதான். இந்தப் பாடம் முழுக்க ஓட்டை தேடும்போது 'சாவி யார் கையில் இருக்கிறது, ஆளை யார் சரிபார்த்தார்கள்' என்று முதலில் கேளுங்கள். சான்றிதழ் (இந்தத் தளத்தின் பொதுச் சாவி இதுதான் என்று மூன்றாமவர் தரும் சான்று), டி.எல்.எஸ். (பிரவுசரும் தளமும் மறைத்துப் பேசும் முறை) எல்லாம் அந்தக் கேள்விக்காக வந்தவை.

10. பிரவுசர்ல பூட்டுப் படம் இருந்தா அந்த சைட்ட நம்பலாம்தானே?

இல்லை. நீங்கள் முகவரிப் பட்டையில் பார்க்கும் பெயருக்கு உரியவரோடுதான் பேசுகிறீர்கள், நடுவில் யாரும் படிக்கவில்லை என்பதற்குத்தான் அது உறுதி. அந்தப் பெயரை வாங்கியவர் நல்லவரா என்பதை அது சொல்லாது. 'லெட்ஸ் என்கிரிப்ட்' சான்றிதழ் இலவசம், சில நிமிடத்தில் கிடைக்கும். ராமேஸ்வரத்து லாட்ஜ் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி ஒரு போலித் தளம் போட்டாலும் அதற்கும் பூட்டு வரும். ஆகவே முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள், முன்பணம் அனுப்புமுன் லாட்ஜுக்கு நேரே போன் போடுங்கள்.

பழைய கணினிகளில் எல்லாத் தளத்துக்கும் சான்றிதழ்ப் பிழை வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து, மின்சாரம் போய் வந்ததும் தேதி பல வருஷம் பின்னால் போயிருக்கும். சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று பிரவுசர் மறுக்கும். சிஆர்2032 பேட்டரி ஒன்று மாற்றினால் சரியாகிவிடும்.

11. லாட்ஜ் வைஃபைல ஜிபே போட்டா பணம் போயிடுமா?

ஒழுங்கான பணச் செயலிகள் டி.எல்.எஸ். வழியாகத்தான் பேசும். வைஃபையை ஒட்டுக்கேட்டு உங்கள் பின் நம்பரை எடுக்க முடியாது. சான்றிதழ் எச்சரிக்கை வந்தும் 'பரவாயில்லை, போ' என்று அழுத்தினால்தான் ஆபத்து. பணம் போகும் வழி பெரும்பாலும் வேறு: பணம் வாங்க யு.பி.ஐ. பின் தேவையே இல்லை, 'பணம் வரும், பின்னைப் போடுங்க' என்று யார் சொன்னாலும் அது பணத்தை எடுப்பதற்கு. போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்க, பணத்தை வங்கியில் நிறுத்திவைக்கும் வாய்ப்பு குறையும்.

லாட்ஜ் நடத்துபவர்கள் கவனிக்க: டபிள்யூ.பி.ஏ.2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில், ரிசப்ஷனில் ஒட்டிய ஒரே பாஸ்வேர்டை எல்லோரும் பயன்படுத்தினால், அது தெரிந்த ஒருவர் மற்றொரு போன் இணையும்போது நடக்கும் கைகுலுக்கலைப் பிடித்துவைத்து, அந்தப் போனின் வைஃபை மறைப்பை அவிழ்க்கலாம். டபிள்யூ.பி.ஏ.3-இல் இது முடியாது. ரௌட்டரில் இருந்தால் அதைப் போடுங்கள். விருந்தினருக்குத் தனி நெட்வொர்க், ஒரு போன் இன்னொன்றைப் பார்க்காதபடி ஐசொலேஷன், டபிள்யூ.பி.எஸ். (பாஸ்வேர்டு தட்டாமல் இணைக்கும் வசதி) அணைப்பு, அட்மின் பாஸ்வேர்டு மாற்றம் ஆகிய நான்கையும் செய்யுங்கள். பில் போடும் கணினி விருந்தினர் நெட்வொர்க்கில் இருக்கவே கூடாது.

12. வயர்ஷார்க் திறந்தா எல்லாம் குப்பையா ஓடுது. எதைப் பார்க்கிறது?

பிரவுசர் தவிர எல்லாவற்றையும் மூடுங்கள். பதிவைத் தொடங்கி, ஒரே ஒரு தளத்தைத் திறந்து, பத்து விநாடியில் நிறுத்துங்கள். வடிகட்டிப் பெட்டியில் முதலில் டி.என்.எஸ். என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் போட்டால், பெயருக்கு எண் முகவரி கேட்டதும் வந்ததும் தெரியும். ஒன்றுமே வராவிட்டால் பிரவுசரில் 'பாதுகாப்பான டி.என்.எஸ்.' இயங்கிக்கொண்டிருக்கலாம், அதை அணைத்துவிட்டு மறுபடி எடுங்கள். பிறகு அந்த எண் முகவரியை மட்டும் வடிகட்டுங்கள். இணைப்பைத் தொடங்கும் சின், சின்-ஆக், ஆக் என்ற மூன்று பொட்டலங்கள் தெரியும், அதன்பின் 443 போர்ட்டில் டி.எல்.எஸ். 'கிளையன்ட் ஹலோ' (பிரவுசரின் முதல் செய்தி) வரும்.

அந்த ஹலோவுக்குள் போய் எஸ்.என்.ஐ. பகுதியைத் திறந்தால் தளத்தின் பெயர் வெட்டவெளியாக இருக்கும். ஒரு தளத்தில் என்ன படிக்கிறீர்கள் என்பது மறைந்திருக்கும், எந்தத் தளம் என்பது பெரும்பாலும் மறைந்திருக்காது. டி.எல்.எஸ். 1.2-இல் சர்வரின் சான்றிதழும் கண்ணுக்குத் தெரியும், 2018-இல் வந்த 1.3-இல் அதுவும் மூடப்பட்டுவிட்டது. இரண்டு பதிப்பிலும் ஒவ்வொரு பதிவு எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். புத்தகத்தில் பல பக்கம் படித்தும் புரியாதது இதில் புரியும்.

13. போட்ல இருக்கிற ஏ.ஐ.எஸ்., ஜி.பி.எஸ். இதெல்லாம் ஹேக் பண்ண முடியுமாண்ணே?

ஏ.ஐ.எஸ். மறைக்கப்பட்டதே இல்லை. 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் இரண்டிலும் படகின் ஒன்பது இலக்க அடையாள எண், இடம், வேகம் எல்லாம் திறந்தபடியே போகும். இந்தியப் படகு எண் 419-இலும், இலங்கைப் படகு எண் 417-இலும் தொடங்கும். மோதல் தவிர்க்க வந்த கருவி அது, எதிரே வருபவர் படித்தாக வேண்டும். இங்கே குறை வேறு: செய்தியில் கையொப்பம் இல்லை. 419 என்று தொடங்கும் எண்ணைப் போட்டு யார் வேண்டுமானாலும் பொய்யாக அனுப்பலாம், பெறும் கருவியால் கண்டுபிடிக்க முடியாது. ரகசியமும் நம்பகமும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நம் கரையில் கிடைக்காது.

படகுக் கருவி வாங்கும் சாதாரண ஜி.பி.எஸ். அலையும் அப்படியே. வலுவான பொய் அலை வந்தால் கருவி அதையே நம்பும். பாக் நீரிணையில் எல்லைக்கோடு பக்கத்தில் இருப்பதால், திரையை மட்டும் நம்புவது உயிருக்கும் படகுக்கும் ஆபத்து. காம்பஸ், எக்கோ சவுண்டர் காட்டும் ஆழம், கரை தெரியும்போது பாம்பன் கலங்கரை விளக்கம், ராமேஸ்வரம் டி.வி. கோபுரம் ஆகியவற்றோடு ஒத்துப்பாருங்கள். திரையில் படகு திடீரென்று குதித்தாலோ நேரம் தப்பினாலோ சந்தேகப்படுங்கள். மாணவர்களுக்கு ஒன்று: இந்த அலைவரிசைகளில் சோதனைக்காகக்கூட எதையும் அனுப்பாதீர்கள். கடலில் இருப்பவர் அதை நம்பித் திரும்புவார்.

14. மீன் கம்பெனியில சிசிடிவி வச்சிருக்கோம், போன்லயே பார்ப்போம். அதுல என்ன இருக்கு?

2016-இல் மிராய் என்ற நச்சுநிரல், அறுபதுக்குச் சற்றுக் கூடுதலான தொழிற்சாலை பாஸ்வேர்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு உலகெங்கும் பல லட்சம் கேமரா, ரௌட்டர்களைப் பிடித்தது. பொருத்தியவர் வைத்துவிட்டுப் போன பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். ரௌட்டரில் யு.பி.என்.பி.-யை (கருவிகள் தாமாகவே போர்ட்டைத் திறக்கும் வசதி) அணையுங்கள். கேமராப் படம் போகும் 554 போர்ட்டை வெளியே திறந்துவிட்டிருந்தால் மூடிவிட்டு, வி.பி.என். வழியாகப் பாருங்கள்.

15. வாட்ஸ்அப் என்கிரிப்டட்னு போட்டிருக்கே, அப்புறம் எப்படி அக்கவுண்ட் பறிபோகுது?

பூட்டை யாரும் உடைப்பதில்லை. ஆறு இலக்கக் குறியீட்டைப் போனில் கேட்டு வாங்கிவிடுகிறார்கள். இருபடிச் சரிபார்ப்பில் தனி பின் வைத்தால், அந்தக் குறியீடு மட்டும் அவர்களுக்குப் போதாது என்றாகிவிடும். கீழக்கரையிலிருந்து வளைகுடாவில் இருக்கும் அண்ணன் தம்பிகளோடு பேசுபவர்கள், 9-ஆம் பதிலில் சொன்ன ஆள் சரிபார்ப்பை இங்கே செய்யலாம்: தொடர்பு விவரத்தில் இருக்கும் 60 இலக்க எண்ணை ஒரு வீடியோ அழைப்பில் இருவரும் வாசித்து ஒத்துப்பாருங்கள். 'பணம் அனுப்பு' என்று திடீரென்று செய்தி வந்தால் குரலைக் கேட்காமல் அனுப்பக் கூடாது.

16. பக்கத்து வீட்டு வைஃபைல டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாமா? படிக்கத்தானே?

கூடாது. அனுமதியில்லாமல் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவில் வரும். தெரிந்தே, நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கல்லூரி நெட்வொர்க்கும் அப்படித்தான், எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 3-ஆம் பதிலில் சொன்ன சொந்தக் கூடமே போதும்.

17. ஏ.இ.எஸ்.-256 தான் போட்டேன். இன்டர்வியூல 'இது பாதுகாப்பில்ல'ன்னுட்டாங்க. ஏன்?

மூன்றில் ஒன்றைச் செய்திருப்பீர்கள். முதலாவது இ.சி.பி. முறை. ஏ.இ.எஸ். 16 பைட் துண்டுகளாக வேலை செய்யும். இ.சி.பி.-இல் ஒரே துண்டு எப்போதும் ஒரே மாதிரி மூடப்படும். மீன் ஏலக் கணக்கில் வியாபாரி பெயரை அப்படி மூடினால், பெயர் தெரியாவிட்டாலும் ஒரே ஆள் எத்தனை தடவை எடுத்தார் என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஜி.சி.எம். என்ற முறை போட்டும் நான்ஸ் எண்ணை (ஒரு செய்திக்கு ஒருமுறை மட்டும் போட வேண்டியது) திரும்பப் பயன்படுத்தியது. ஒரே சாவி, ஒரே நான்ஸ் என்றால் இரண்டு செய்திக்கும் ஒரே சாவியோட்டம் (செய்தியோடு எக்ஸார் செய்யப்படும் பிட் வரிசை) வரும். மூடிய இரண்டையும் எக்ஸார் செய்தால் சாவியோட்டம் அடிபட்டு, மூல உரைகளின் எக்ஸார் மட்டும் மிஞ்சும். ஒன்றின் தொடக்கம் 'அன்புள்ள' என்று ஊகித்தால் மற்றதன் தொடக்கம் வந்து விழும். செய்தி திருத்தப்படவில்லை என்று காட்டும் சரிபார்ப்புக் குறியைப் போலியாகச் செய்யவும் வழி திறந்துவிடும். ஒவ்வொரு செய்திக்கும் 12 பைட் புது நான்ஸ் போட்டு, அதைச் செய்தியோடு சேர்த்து அனுப்புங்கள். நான்ஸ் ரகசியமாக இருக்கத் தேவையில்லை.

மூன்றாவது, சாவியை நிரலுக்குள்ளேயே எழுதி கிட்ஹப்பில் ஏற்றியது. பிறகு அழித்தாலும் பழைய பதிப்பில் கிடக்கும். சாவியை மாற்றுவது ஒன்றே வழி. பாஸ்வேர்டுகளை ஏ.இ.எஸ்.-ஆல் மூடி வைப்பதும் தவறு. அவற்றுக்கு ஆர்கான்2 அல்லது பிகிரிப்ட் என்ற பாஸ்வேர்டு ஹாஷ் முறை, ஆளுக்கொரு உப்போடு (ஹாஷ் போடும்போது சேர்க்கும் தற்செயல் எண்).

18. குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தா இதெல்லாம் படிச்சது வீண்தானே?

1994-இல் ஷோர் கண்டுபிடித்த வழி, போதுமான பெரிய குவாண்டம் கணினி கிடைத்தால் 7-ஆம் பதிலின் ஆர்.எஸ்.ஏ.-ஐயும் 9-ஆம் பதிலின் டிஃபி-ஹெல்மனையும் உடைக்கும். ஏ.இ.எஸ்.-256-க்கும் ஷா-256-க்கும் அந்த அளவு ஆபத்தில்லை. இன்று பிடித்துவைத்துப் பின்னாளில் திறக்கலாம் என்பதால்தான் மாற்றம் இப்போதே தொடங்கிவிட்டது. 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தரநிலை நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. புதிய மூன்று தரங்களை வெளியிட்டது. அதில் சாவி பகிர்வுக்கானது எம்.எல்.-கெம்.

இதை உங்கள் கணினியிலேயே பார்க்கலாம். புதிய குரோமில் ஒரு பெரிய தளத்தைத் திறந்து 12-ஆம் பதிலில் சொன்னபடி கிளையன்ட் ஹலோவை எடுங்கள். சாவிப் பகுதியில் பழைய 32 பைட்டோடு எம்.எல்.-கெம்-இன் 1184 பைட்டும் சேர்ந்திருக்கும். ஹலோ ஒரே பொட்டலத்தில் அடங்காமல் இரண்டாகப் பிரிந்து போவதும் அதனால்தான். சில பழைய ஃபயர்வால்கள் அந்தப் பிரிந்த ஹலோவைப் புரிந்துகொள்ளாமல் இணைப்பை அறுத்துவிடும். கல்லூரி ஆய்வகத்தில் ஒரு தளம் மட்டும் திறக்காமல் அடம்பிடித்தால் அங்கேயும் ஒரு தடவை பாருங்கள்.